கடைத்தெருவில் ட்ரம் வைத்தபோது

என் அம்மாவின் இடது மணிக்கட்டு உடைந்தது கள்ளக்குறிச்சி கடைத்தெருவில், நகரப் பேருந்தின் கடைசிப் படிக்கும் சாலையோரத்துக்கும் நடுவில். கண் மருத்துவரைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார். பேருந்து வழக்கம்போல் நடுச்சாலையில் நின்றது. அம்மா இறங்கி ஓர் அடி எடுத்து வைத்தார். பேருந்துக்கும் கடைகளுக்கும் இடையே கிடைத்த சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் புகுந்து வந்து இடித்துவிட்டது. ஓட்டி வந்தவர் நல்ல மனிதர். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். நான் போய்ச் சேர்ந்தபோது, மாவுக்கட்டுக்காகக் காத்திருந்த அம்மா அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ இன்னாப்பா பண்ணுவ? அவன் நடு ரோட்டுல நிறுத்துறான். அழாத, போ. வண்டிய எவனாச்சும் எடுத்துக்கினு பூடப் போறான்."

அவர் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். "நீதான இந்த ஊருக்கு ரோடு போடுறவ?" என்றார்.

இல்லை என்று சொல்ல வழியில்லை. நகராட்சியின் பொறியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை என்ற சந்தோஷத்தில் மாற்றல் கேட்டு வந்தவள். எங்கள் ஊர் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே அம்மாவும் அண்ணனும் கரும்பு பயிரிடுகிறார்கள். நான் கணவர், மகளோடு நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

அம்மா அடிபட்ட தெருவுக்கு நிதி ஏற்கெனவே வந்திருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போடுவதாகத்தான் திட்டம். அதைத் தயார் செய்ததும் நான்தான். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்து திரும்பும்போது அதைக் கைவிட முடிவு செய்தேன். தார் வழவழப்பானால் மோட்டார் சைக்கிள் இன்னும் வேகமாகத்தான் வரும்.

பேருந்து நிலையத்திலிருந்து நாலுமுனைச் சந்திப்பு வரை போகும் அந்தத் தெருவில் நடைபாதை என்று ஒன்று இருந்தது. கால்வாய் மேல் மூடிய சிமென்ட் பலகைகள்தான் அது. பலகைகள் மேல் கடைகளின் படிகள், படிகள் மேல் சரக்கு, சரக்குக்கு முன்னால் வண்டிகள், வண்டிகளுக்கு முன்னால் பூக்கூடைகளும் பழத் தள்ளுவண்டிகளும். நடப்பவர்களுக்கு மிச்சம் தார்ச்சாலைதான். கல்வராயன் மலையிலிருந்து காலைப் பேருந்தில் புளியும் கடுக்காயும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள், ஷேர் ஆட்டோக்கள், கரும்பு டிராக்டர்கள் எல்லாம் அதே தாரில்தான். தெரு ரொம்பக் குறுகல் என்று ஊரே சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறப்பதற்கு முன், டேப் பிடித்துச் சுவருக்குச் சுவர் அளந்தேன். இடம் தாராளமாக இருந்தது. யாருக்கு எது என்று பிரித்துத்தான் வைக்கவில்லை.

பிரிப்பது எப்படி என்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. இரண்டு பக்கமும் அகலமான நடைபாதை. அதை ஒட்டி சைக்கிளுக்கு ஒரு பாதை. நடுவில் போக ஒரு வண்டித்தடம், வர ஒரு வண்டித்தடம், அதற்குமேல் ஓர் அங்குலமும் கிடையாது. பள்ளிக்கு எதிரே, ஆட்கள் கடந்து போக, சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவை. பேருந்து ஒதுங்கி நிற்க நடைபாதையை உள்வாங்கி ஒரு குடைவு.

ஆணையர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தாம்மா இருக்குது. கடைக்காரங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கச் சொல்லி யாரையும் கேக்கப் போறதில்லீங்க சார். கட்டறதுக்கு முன்னாடி மணல் ரொப்பின ட்ரம்மும் கயிறும் வெச்சி, சுண்ணாம்புத்தூள்ல கோடு போட்டு, ஒரு வாரம் தெருவ அப்படியே காட்டிடறேன். சரியா வரலன்னா எட்டாம் நாள் ட்ரம்ம எடுத்துடலாம்."

"சரியா வரும்னு இவ்ளோ உறுதியா சொல்றியே!"

"வரும் சார்."

அந்த உறுதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. கல்லூரியில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

முதலில் பாத்திரக்கடைக்காரரைப் போய்ப் பார்த்து, ஒரு வாரம் ட்ரம் வைக்கப் போவதைச் சொன்னேன். தெருவின் நடுவில் பெரிய கடை அவருடையது. மற்ற கடைக்காரர்கள் அவர் சொல்லைக் கேட்பார்கள். அவருடைய கடைப் படிகள் கால்வாய்ப் பலகை முழுவதையும் பிடித்திருந்தன. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் கோபுரமாக அடுக்கியிருக்கும். என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தார்.

"மேடம், கட வாசல்ல வண்டி நிறுத்த எடம் இல்லன்னா எவன் வருவான் சொல்லுங்க? பைக்குல வர்றவன் எறங்காமயே அடுத்த ஊரு போய்க்கினு இருப்பான். எங்க பொழப்புல மண்ணு போட்டுட்டு நீங்க நடக்கறவனுக்கு மேட கட்டித் தரீங்களா?"

"உங்க கடைக்கு யாரெல்லாம் எப்படி வர்றாங்கன்னு தெரியணுங்க. செத்த நேரம் உங்க கல்லா பக்கத்துல உக்காந்து பாக்கட்டுமா?"

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார். கலியாண மாதம், நல்ல வியாபாரம். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நான் கேட்கவே தேவையில்லாமல் அவரே கேட்டார். "இன்னாம்மா, பஸ்ஸுலயா வந்தீங்க?" என்பது அவருடைய வழக்கமான முகமன். பெரும்பாலானவர்கள் பஸ்ஸில்தான் வந்தோம் என்றார்கள். சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க வந்த குடும்பம் மலையிலிருந்து வெள்ளிமலைப் பேருந்தில் வந்திருந்தது. குக்கர் மாற்ற வந்தவர் தெரு முனையிலிருந்து நடந்து வந்திருந்தார். இரண்டு பேர் மட்டும் பைக். அவர்களும் வாசலில் இடமில்லாமல் எங்கேயோ நிறுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

"அப்போ உங்க வாசல்ல நிக்கிற வண்டிங்கல்லாம் யாரோடதுங்க?" என்றேன்.

எட்டிப் பார்த்தார். ஒரு பைக் எதிர்க் கடைக்காரருடையது. இரண்டு அவர் கடையில் வேலை செய்கிறவர்களுடையவை. குடங்களுக்குப் பக்கத்தில், வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற வெள்ளைக் கார் அவருடையது.

சிரித்துவிட்டார். ஆனாலும் உடனே இறங்கி வரவில்லை. "ஒரு வாரம்தானே? ட்ரம்மு வையுங்க. எடுக்கிறேன்னு சொன்னத மட்டும் மறந்துடாதீங்க" என்றார்.

அண்ணனிடம்தான் அப்படி எளிதில் முடியவில்லை.

எங்கள் பக்கத்துக் கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிறது. வெட்டு நடக்கும் மாதங்களில் அண்ணன் டிராக்டரில் இழுவைப்பெட்டி பூட்டி, பக்கவாட்டில் தோகை பிதுங்கும் அளவுக்கு லோடு ஏற்றி, இந்தக் கடைத்தெரு வழியாக வந்து, நாலுமுனையில் திரும்பி, சங்கராபுரம் சாலையைப் பிடிப்பார். அவரைப் போலவே சுற்று வட்டாரம் முழுவதும். தெருவை நான் குறுக்கப் போகிறேன் என்ற செய்தி எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தார்.

"இன்னா பாப்பா, ரோட்ட கொறைக்கிறியாமே? லோடு வண்டி எப்டி போவும்? பெட்டி திரும்ப எவ்ளோ எடம் வேணும்னு உனக்குத் தெரியாதா? நீ இந்த வூட்டுப் பொண்ணுதானே?"

"திரும்பற மாதிரிதான் விட்டிருக்கேன்ணா."

"காயிதத்துல திரும்பும். நான் காயிதத்துலயா ஓட்டுறேன்? ஊர்ல என்னப் புடிச்சிக் கேக்கறாங்க. உன் தங்கச்சிதானே, நீ சொல்லக் கூடாதான்னு. அம்மா கை ஒடஞ்சதுக்கு ஊரயே ஒடைப்பியா நீ?"

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுட்டது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்திருக்கப் போனேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"உக்காரு. சோத்த துன்னு. அவ கல்லா நட்டுட்டா? ட்ரம்மு தானடா வெக்கிறா? நீ லோடு ஏத்திக்கினு ஓட்டிக் காட்டு. போவலன்னா அவ எடுத்துக்கட்டும். போனா நீ வாய மூடிக்கினு போ."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் வியாழக்கிழம எனக்கு வெட்டு" என்றார்.

"வியாழக்கிழம வா" என்றேன்.

அடுத்த ஞாயிறு விடியலில் வேலையைத் தொடங்கினோம். துப்புரவுப் பிரிவு ஆட்கள் ட்ரம்களை உருட்டி வந்து மணல் நிரப்பினார்கள். நான் டேப்போடு முன்னால் நடக்க, சுண்ணாம்புத்தூள் கோடு பின்னால் வந்தது. கடைகள் திறந்தபோது தெரு புதிதாக இருந்தது. ஆட்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் தயங்கித் தயங்கி நடந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலை அந்தப் பெருமை போயிற்று. பேருந்துகள் குடைவுக்குள் வரவே இல்லை. முதலில் அங்கே ஆட்டோக்கள் நின்றன. போக்குவரத்துக் காவலர் பெண்மணி விசில் ஊதி அவற்றை நகர்த்தினார். குடைவு காலியானது. அப்போதும் பேருந்து அதைத் தாண்டி நடுத்தடத்திலேயே நின்றது. இறங்க வேண்டியவர்கள் சாலையில் குதித்தார்கள். ஏற வேண்டியவர்கள் கயிற்றுக்கு அடியில் குனிந்து சாலைக்கு ஓடினார்கள். குடைவு வழியாக மோட்டார் சைக்கிள்கள் சர்ரென்று பறந்தன. அம்மாவை இடித்த அதே சந்தை நான் சுண்ணாம்புக் கோடு போட்டு அகலப்படுத்திக் கொடுத்திருந்தேன்.

பாத்திரக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். "மேடம், ட்ரம்முங்க கெட்டியா நல்லா இருக்குது. வேலைக்கு ஆவலன்னா வெலைக்குக் குடுப்பீங்களா?" சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொதித்தது.

யாரையும் திட்டிப் பயனில்லை. அடுத்து வந்த வெள்ளிமலைப் பேருந்தில் முன்படியில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் இஞ்சின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுநர் நடுவயதுக்காரர். பல வருடங்களாக மலைக்குப் போய்வருகிறவர். பேருந்து நிலையத்துக்குள் போய் வண்டியைத் திருப்பி, மீண்டும் அதே தெரு வழியாக வரும்வரை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரே கேட்டார்.

"இன்னா மேடம், குடைவுல ஏன் போவலன்னு கேக்க வந்தீங்களா?"

"ஆமாங்க."

"தோ பாருங்க, இப்போ போறேன்." அந்த நடைக்கு மட்டும் எனக்காகக் குடைவுக்குள் வண்டியை விட்டார். பயணிகள் ஏறினார்கள். விசில் வந்தது. ஓட்டுநர் வலது பக்கம் சிக்னல் போட்டார். ஒரு கார் போனது. அதற்குப் பின்னால் ஆட்டோ. பின்னால் பைக்குகள் வரிசையாக. ஒருவரும் நிற்கவில்லை. பேருந்தின் மூக்கைக் கொஞ்சம் நீட்டினால் ஹார்ன் அடித்தார்கள். அப்படியே நின்றுகொண்டிருந்தோம். நடத்துநர் பின்னாலிருந்து, "இன்னாண்ணே, இங்கியே தூங்கிட்டீங்களா?" என்று கத்தினார்.

"பாத்தீங்களா? உள்ள வந்தா வெளிய வுட மாட்டானுங்க" என்றார் ஓட்டுநர். "மல மேல வளைவுல எதிருல லாரி வந்தாக்கூட எனக்குப் பயம் கெடையாது. அங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் நின்னு வழி வுடுவான். இந்தத் தெருவுல வழி வுட்டா ஏமாளி. அதான் நடுவுல நிறுத்துறது. நான் நின்னா பின்னாடி இருக்கறவன் நின்னுதான் ஆவணும்."

தெரு முனையில் இறங்கி, ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்றேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பேருந்தில் ஐம்பது அறுபது பேர் இருக்கிறார்கள். பின்னால் வருகிற பைக்கில் ஒருவர். ஐம்பது பேர் ஏன் ஒருவருக்காக ஒதுங்கி நிற்க வேண்டும்? பேருந்து தன் தடத்திலேயே நிற்கட்டும். குடைவு தேவையில்லை. அது இருக்கும் இடத்தில் நடைபாதையை வெளியே தள்ளிக் கொண்டுவந்து, பேருந்தின் படியைத் தொடுகிறமாதிரி நிறுத்தினால் என்ன? அப்போது அந்தச் சந்தே இருக்காது. இருந்தால்தானே மோட்டார் சைக்கிள் அதில் புகும்? சைக்கிள் பாதை மட்டும் நிறுத்தத்துக்குப் பின்னால் சுற்றிப் போகட்டும்.

பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்தேன். அன்று மதியமே, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற ஒருவரைத் தேடிப் போய், மேடைப் பலகைகள் நாலு நாளைக்கு வேண்டும் என்று கேட்டேன்.

மாலைக்குள் குடைவை மூடினோம். பந்தல்காரரின் பலகைகளைச் சாலைப் பக்கம் தள்ளிப் போட்டு, சுற்றிலும் ட்ரம் வைத்து, ஒரு சாண் உயரத்தில் மேடை அமைத்தோம். சிவப்புத் துணி சுற்றிய பலகைகள். துணியைக் கழற்ற நேரமில்லை.

"யாருக்குக் கல்யாணம் மேடம்?" என்று கேட்காத கடைக்காரர் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளிமலைப் பேருந்து வந்தது. அதே ஓட்டுநர். மேடையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, உரசுவதுபோல் ஒட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மலையிலிருந்து வந்த ஓர் அம்மாள், புளிமூட்டையைத் தலையில் வைத்தபடியே படியிலிருந்து நேராக மேடைக்கு நடந்தார். வழக்கமாக அவர் மூட்டையை முதலில் கீழே யாரிடமாவது கொடுத்து, பிறகு படியைப் பிடித்துப் பின்புறமாக இறங்க வேண்டியிருக்கும். இந்தத் தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

"யாருகிட்டயும் கையேந்த வேணாம்போல இருக்குதே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் நின்ற கார்கள் ஹார்ன் அடித்தன. பேருந்து கிளம்பியதும் அடங்கின. நடுச்சாலையில் கோணலாக நிற்கும் பேருந்தைச் சுற்றிக்கொண்டு எதிர்த்தடத்தில் ஏறி முட்டிக்கொள்வதைவிடக் காத்திருப்பது சீக்கிரம் முடிந்தது. அடுத்த இரண்டு நாட்களில் ஹார்னும் குறைந்தது. சைக்கிள் பாதையில் பெண்பிள்ளைகள் முதலில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பிறகு பேசிக்கொண்டே ஜோடி ஜோடியாகப் போனார்கள். பாதையை இன்னும் கொஞ்சம் அகலமாக்க வேண்டும் என்று அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சைக்கிளில் போகிறவர்கள் பேசாமல் போவார்கள் என்று எந்தப் பாடத்தில் படித்தேனோ.

வியாழக்கிழமை வந்தது. அண்ணன் சொன்ன நேரத்துக்கு முன்பே தெருவின் தெற்கு முனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் இன்னும் சில டிராக்டர்கள், எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுடையவை. அண்ணனின் பெட்டியில் அன்று ஏற்றியிருந்தது மாதிரி லோடு நான் பார்த்ததே இல்லை. வேண்டுமென்றே ஏற்றியிருந்தார். பாத்திரக்கடைக்காரர் குடக் கோபுரத்தைத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் வந்து நின்றார். ஆணையரும் ஜீப்பில் வந்திருந்தார். தெருவே நின்றது.

நேர்ச்சாலையில் ஒரு சிக்கலும் இல்லை. இரு பக்கமும் தோகை ட்ரம்களுக்கு மேலே தடவிக்கொண்டு வந்தது. பேருந்து நிறுத்த மேடையை டிராக்டர் கடந்தது. கடவைக்காக நாங்கள் மண் கொட்டி உயர்த்திய மேட்டில் மெதுவாக ஏறி இறங்கியது. நாலுமுனையில் இடது பக்கம் திரும்பினார். டிராக்டர் சுத்தமாகத் திரும்பியது. பெட்டியின் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்து மூலையில் இருந்த ட்ரம்மைத் தள்ளியது. ட்ரம் சாய்ந்து, உருண்டு, மணலைக் கொட்டிக்கொண்டு ஒரு பூக்காரம்மாவின் கூடைக்கு முன்னால் போய் நின்றது.

கூட்டம் ஓவென்று கத்தியது. அண்ணன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினார். முகத்தில் வெற்றி.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். "இதுக்குத்தான் ட்ரம்மு. மொதல்லயே கல்லு நட்டிருந்தா உன் பெட்டி இப்போ கவுந்து கெடக்கும். ஏறி உக்காரு. பின்னாடி எடுத்து இன்னொரு தடவ திரும்பு. சக்கரம் எங்க போவுதுன்னு நான் கோடு போடணும்."

"இன்னா, இப்பவேவா?"

"பின்ன? லோடோட நீ தினமுமா எனக்காக வருவ?"

பின்னால் நின்ற டிராக்டர்களில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மூலையையே எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் கார்கள் அங்கே வேகத்தைக் குறைக்காமல் திரும்பும், கடக்கிறவர்களை அடிக்கும் என்றேன். அண்ணன் மறுபடி திரும்பினார். மறுபடியும். பெட்டியின் பின்சக்கரம் போன இடத்தில் நான் சுண்ணாம்புத்தூளைத் தூவிக்கொண்டே பின்னால் ஓடினேன். மூன்றாவது தடவை முடிந்தபோது விடை தரையிலேயே வெள்ளையாகக் கிடந்தது. மூலை அப்படியே இருக்கலாம். அதன் விளிம்பை மட்டும் செங்குத்தான கல்லாக இல்லாமல், சரிவான கருங்கல் பட்டையாகப் போட வேண்டும். கார்க்காரன் அதன் கரடுமுரடைப் பார்த்து விலகித் திரும்புவான். கரும்புப் பெட்டியின் சக்கரம் மட்டும் அதன் மேல் ஏறி இறங்கிப் போகும்.

அண்ணனுக்கு விளக்கினேன். குனிந்து கோட்டைப் பார்த்தார். காலால் அளந்து பார்த்தார்.

"இது போவும்" என்றார். பின்னால் திரும்பித் தன் ஆட்களிடம், "போவும்யா. வண்டிய எடுங்க, ஆலைல வரிச டோக்கன் பூடும்" என்றார். டிராக்டரில் ஏறிய பிறகு ஒரு கரும்பை உருவி என்னிடம் நீட்டினார். அலுவலக ஜீப்புக்கு முன்னால், ஆணையர் பார்த்துக்கொண்டிருக்க, கையில் கரும்போடு நின்றேன்.

எட்டாம் நாள் ட்ரம்களை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பாத்திரக்கடைக்காரரை நானே போய்க் கேட்டேன். "இருக்கட்டும் மேடம், இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வாரம் வேலை ஆரம்பிக்கும்வரை நீண்டது.

கட்டுமானம் எல்லாக் கட்டுமானத்தையும்போல் எரிச்சலாகத்தான் இருந்தது. புழுதி, சத்தம், தாமதம். தெருவின் ஒரு பக்கத்தை முடித்து மறுபக்கத்துக்குப் போனோம். கால்வாயைத் திறந்தபோது மேலே வரை மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தது. அதிலிருந்து நசுங்கிய அலுமினியக் குடம் ஒன்றும் வந்தது. பாத்திரக்கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்து, "எங்க கட சரக்குதான். எப்போ வுழுந்துதோ" என்று எடுத்து வைத்துக்கொண்டார். தன் கடைப் படிகளை அவரே இடித்து உள்பக்கமாகக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள். செய்யாத சிலருக்கு நகராட்சி செய்தது. அந்தச் சண்டைகளில் எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. பூக்காரர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் நடைபாதையிலேயே, நடப்பவர்களை மறிக்காத ஓரத்தில், இடம் குறித்துக் கொடுத்தோம். அவர்களை அனுப்பிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. பூ வாங்குகிறவர்கள் நடந்துதானே வருகிறார்கள் என்று கேட்டதும் அந்தப் பேச்சை விட்டார்கள்.

இன்று அந்தத் தெரு நன்றாக இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் இன்னும் பைக் ஏற்றி நிறுத்துகிறார்கள். கல்தூண் நட்ட இடங்களில் முடியாது, நடாத இடங்களில் நிற்கும். சைக்கிள் பாதையில் மாலை நேரத்தில் பானிபூரி வண்டிகள் வந்துவிடுகின்றன. அவர்களைக் கிளப்புவதும் அவர்கள் திரும்பி வருவதும் தொடர்கிறது. அவர்களுக்கும் ஓர் இடம் பார்க்க வேண்டும், பார்த்துவிடுவேன். பாத்திரக்கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால், "இருக்குது, இருக்குது" என்பார். கடைக்கு முன்னால் யார் வண்டி நிறுத்தினாலும் முதல் ஆளாகச் சத்தம் போடுகிறவர் அவர்தான்.

அம்மா பொங்கலுக்குத் துணி எடுக்க வந்தார். கட்டுப் பிரித்து நாளாகியிருந்தது, ஆனாலும் அந்தக் கையில் பை தூக்க மாட்டார். மேடையில் இறங்கி, தெருவை மேலும் கீழும் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"இவ்ளோ செலவு பண்ணியே, உக்கார ஒரு பெஞ்சு போட மாட்டியா? வயசானவங்க பஸ்ஸுக்கு நின்னுக்கினே இருக்கணுமா?"

பெஞ்சு திட்டத்தில் இருந்தது, இன்னும் வரவில்லை என்று சொன்னேன். நம்பவில்லை. அந்த மாதமே போட்டுவிட்டோம்.

எந்தச் சாலைக்கும் மழைதான் பரீட்சை. ஐப்பசியில் ஒரு மாலை வானம் பொத்துக்கொண்டு கொட்டியபோது, குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். பழைய நாட்களில் நாலுமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அன்று தண்ணீர் விளிம்போரமாக ஓடி, கம்பிச் சட்டங்கள் வழியாகக் கால்வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சட்டத்தில் மட்டும் யாரோ வீசிய சாப்பாட்டு இலைகள் அடைத்து, தண்ணீர் தேங்கிக் கடவையின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் பார்த்தேன், துப்புரவு ஆட்கள் யாரும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையை மடக்கி அதன் நுனியால் இலைகளைக் குத்தி எடுத்தேன். நனைந்து போனேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

"மேடம், மழைல இன்னா பண்றீங்க? உள்ள வாங்க!" என்று பாத்திரக்கடைக்காரர் கூப்பிட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஏற்கெனவே நனைந்தாயிற்று. அடுத்த சட்டத்தையும் பார்த்துவிட்டு, அது சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, நடைபாதையிலேயே நடந்து வீட்டுக்குப் போனேன்.